அப்புச்சி காலில் வைத்த சிமெண்ட்

கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்து அப்புச்சிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு அமுங்கி நொறுங்கிவிட்டது. தகடு வைத்து, குழிவிழுந்த இடத்தில் சிமெண்ட் நிரப்பினார்கள்.

"ஏங்கண்ணு, வூடு கட்டற சிமெண்டா அது?" என்று அம்மிச்சி பயந்துபோய்க் கேட்டார்.

இல்லைங்க அம்மிச்சி, இது கால்சியம் பாஸ்பேட், நம் எலும்பில் இருக்கும் சரக்குதான். இடுப்பு மூட்டு மாற்றும்போது வைக்கிற அக்ரிலிக் சிமெண்ட் இறுகும்போது நன்றாகச் சூடாகும், காலத்துக்கும் கரையாமல் அப்படியே கிடக்கும். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ இருவரும் கண்டுபிடித்த இந்த வகை உடம்புச் சூட்டிலேயே இறுகி, அப்புறம் எலும்பைக் கரைக்கும் செல்கள் இதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க, அந்த இடத்தில் புது எலும்பு வளர்கிறது.

சிக்கல் கரையும் வேகத்தில்தான். எலும்புக் குழிக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்தால் எலும்பு வளரும் முன்பே சில வாரங்களில் கரைந்துவிடும், இதுவோ வருடக்கணக்கில் இழுக்கும், இழுவிசை பட்டால் உடையவும் செய்யும். இதைச் சரிசெய்ய மெக்னீசியம், நுண்ணிழை, ஜெலட்டின் என்று கலந்து பார்க்கிறார்கள். வலிமையைவிட இந்த வேகப் பொருத்தம்தான் முக்கியம் என்பேன்.

அப்புச்சி இன்னும் காலை ஊன்றவில்லை. வயலுக்குத் தண்ணி பாய்ந்ததா என்று கட்டிலிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்.