தூண் எழும்புவதற்கு முன்னால் பிளானில் பார்க்க வேண்டியவை

ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போகும்போது பலர் கட்டம் போட்ட தாளில் தாங்களே ஒரு பிளான் வரைந்து எடுத்துப் போகிறார்கள். அதைவிட, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், காலையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் குளிக்க வேண்டும், மாடி ஏற முடியாதவர் யார் என்று எழுதிக் கொடுப்பது மேல். புது வீட்டுக்கும் வரப்போகிற கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து கொடுங்கள். மனையின் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமாக இல்லையென்றால் மூலைமட்டம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வரைபடம் வந்ததும் வீட்டின் வெளித்தோற்றத்தைக் காட்டும் எலிவேஷன் படத்தில் மயங்க வேண்டாம். அளவுகளைப் பாருங்கள். படுக்கையறை 10-க்கு 10 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது செங்கல் முகத்துக்குச் செங்கல் முகம். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறினால் 9 அடி 11 அங்குலம். தலைப்பலகையோடு கட்டில் நீளம் 6 அடி 9 அங்குலம், எதிர்ச்சுவரில் 2 அடி ஆழ அலமாரி. மிச்சம் 14 அங்குலம்தான். 18 அங்குல அலமாரிக் கதவு அங்கே முழுதாகத் திறக்காது. தாளில் கட்டிலை மட்டும் வரைந்தால் இது கண்ணில் படாது. அலமாரியையும் கதவு திறக்கும் வளைவையும் வரையச் சொல்லுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது மாடிப்படி. தளத்துக்குத் தளம் 10½ அடி என்றால் 126 அங்குலம். படி உயரம் 7 அங்குலம் வைத்தால் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படியில் ஒரு வரிசைக்கு 9 ஏற்றம், 8 மிதி (கால் வைக்கும் பரப்பு); கடைசி ஏற்றம் மேடையிலோ தளத்திலோ முடிவதால் மிதி ஒன்று குறையும். மிதி 10 அங்குலம், திரும்பும் மேடை 3 அடி. மொத்த நீளம் 9 அடி 8 அங்குலம். இதையே 8 அடிக்குள் அடக்கினால் வரிசைக்கு 6 மிதி, 7 ஏற்றம்தான் வரும். படி உயரம் 9 அங்குலமாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர் அதில் ஏறவே முடியாது. படிக்குக் குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். தலைக்கு மேல் பீம் வரை 7 அடியாவது இருக்க வேண்டும்.

மாடிக் கழிவறை கீழ்க் கழிவறைக்கு நேர் மேலே வந்தால் குழாய் நேராக இறங்கும். ஹாலுக்கு மேலே வந்தால் 4 அங்குலக் குழாயைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். 40-க்கு 1 சரிவு என்றால் 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குல இறக்கம். கழிவறைக்குக் கீழே உள்ள சிலாபைத் தாழ்த்திப் போடாவிட்டால் அந்தக் குழாய் ஹால் கூரையில் தெரியும்.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் பிளான் போக வேண்டும். தூண், பீம் கணக்கு முடிந்தபின் ஒரு சுவரை ஒரு அடி நகர்த்தினால் பீம் அறைக்குள் துருத்தும், இல்லாவிட்டால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எத்தனை முறை திருத்தம், எத்தனை முறை சைட்டுக்கு வருவார், மின்சார, குழாய் வரைபடங்கள் சேர்த்தியா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் வேண்டும். புதுத் தாள் வந்த அன்றே மேஸ்திரியிடமிருந்து பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஜன்னல் இடம் மாறிக் கட்டப்படுவது பெரும்பாலும் அந்தப் பழைய தாளால்தான்.