கடல் இருந்த இடத்தில் தண்ணீர் முறை

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள காஸாவில் மூன்றாம் நாள் காலையில்தான் எனக்குத் தலைவலி விட்டது. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகே மேலேயுள்ள கிராமங்களுக்குப் போகலாம் என்று ஓட்டுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளும் பூண்டு சூப்பும் வெந்நீருமாகக் கழிந்தன. ஜூலை மாதம். இமாசலப் பிரதேசத்தின் மற்ற மாவட்டங்களில் மழை கொட்டிக்கொண்டிருக்க, மழை மறைவுப் பகுதியான ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி லாங்ஸாவை அடைந்தோம். சுண்ணாம்படித்த மண் வீடுகள், சன்னல்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, தட்டையான மாடிகளின் விளிம்பெல்லாம் குளிர்காலத்துக்கென அடுக்கிய சுள்ளிகள். ஊருக்கு மேலே பெரிய புத்தர் சிலை, அதற்கும் பின்னால் 6,303 மீட்டர் உயரச் சௌ சௌ காங் நில்டா சிகரம். எல்லோரும் சிகரத்தைப் படமெடுத்துக்கொண்டிருக்க, எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி என் முன்னால் வந்து மூடிய கையை விரித்தாள். இரண்டாகப் பிளந்த கருங்கூழாங்கல். உள்ளே, ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் வரிவரியாகச் சுருண்ட ஒரு வடிவம். அம்மோனைட் என்னும் கடலுயிரியின் புதைபடிவம் அது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி இமயத்தை உயர்த்துவதற்கு முன், இந்த மண் டெத்திஸ் கடலின் அடியில் கிடந்தது. முக்திநாத்துக்கருகே கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் இவ்வகைப் புதைபடிவம்தான் என்பதால், பாட்டி துளசி சார்த்தி வணங்கிய கல்லின் பங்காளியைக் கையில் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. சிறுமி நூறு ரூபாய் கேட்டாள். ஆளுக்கொன்றாக எடுத்துப் போனால் மலையில் என்ன மிஞ்சும் என்று ஓட்டுநர் முணுமுணுத்தார். பணத்துக்குப் பதில் வேர்க்கடலை மிட்டாய் கொடுத்துக் கல்லைத் திருப்பித் தந்தேன்; அவள் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது.

ஹிக்கிமில் 1983 முதல் இயங்கிவரும் அஞ்சலகம் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகிலேயே உயரமானது என்ற பெயரால் அங்கே எப்போதும் கூட்டம். அம்மாவுக்கு ஓர் அட்டை எழுதினேன். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அறுபது விழுக்காடு பிராணவாயுதான் கிடைக்கிற உயரம் அது; நான்கு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

அடுத்தது கோமிக், 4,587 மீட்டர். வண்டிச் சாலை எட்டும் கிராமங்களில் உலகிலேயே உயரமானது என்று இங்கும் ஒரு பலகை. பலகையோடு படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்புகிறவர்களே அதிகம். நாங்கள் ஒரு வீட்டில் சாப்பிட்டோம். வீட்டுக்காரப் பெண்மணியை ஓட்டுநர் "ஆமா" என்று அழைத்தார். அவர்கள் மொழியில் அம்மா என்று பொருளாம். துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பும் வெண்ணெய்த் தேநீரும் வந்தன. வெண்ணெய்த் தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். உப்பிட்ட சூப் என்று நினைத்தால் இரண்டாவது கோப்பை கேட்கத் தோன்றும்.

கழிப்பறை எங்கே என்று கேட்டேன். மண் தரையில் நீள்சதுரத் துளை, மூலையில் மண்குவியல், ஒரு மண்வாரி; தண்ணீர் கிடையாது. மேலே இரண்டு வாரி மண் போட்டுவிட்டு வர வேண்டும். கீழறையில் மட்கியது வயலுக்கு எருவாகிறது. மூக்கைச் சுளிக்கத் தயாராகப் போன எனக்கு வெட்கமாகிவிட்டது. வாடை அவ்வளவாக இல்லை.

சாப்பிட்டு முடிவதற்குள் அந்த அம்மாள் எழுந்து போனார். அன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அவருடைய முறை என்றார் ஓட்டுநர். இங்கே பயிர்களைக் காப்பது மழையன்று, உருகி வரும் பனி. குளிர்காலத்தில் பனி குறைந்தால் கோடையில் வாய்க்கால் வற்றுகிறது. பார்லி வீட்டுச் சாப்பாட்டுக்கு, பச்சைப் பட்டாணி லாரி ஏறிச் சமவெளிச் சந்தைக்கு. வீட்டுக்கு வரும் காசு பெரும்பாலும் அந்தப் பட்டாணியில்தான்.

புறப்படும்போது அவரை வயலோரம் பார்த்தோம். இரண்டு சாண் அகல வாய்க்காலின் மடையை ஒரு தட்டைக் கல்லும் புல் வேரோடு பெயர்த்த மண்கட்டியும் அடைத்திருந்தன. கல்லை நகர்த்தினார், கலங்கிய நீர் தயங்கி, பிறகு பட்டாணிச் செடிகளுக்கிடையே விரல்விரலாகப் பரவியது. எந்தப் பாத்தி இன்னும் நனையவில்லை என்று பார்த்து, மண்கட்டியைக் காலாலேயே அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். "ஜூலே" என்று விடைபெற்றோம். அவரும் "ஜூலே" என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே.