அப்பாவின் இடது கால் செருப்பு

அப்பாவுக்கு 74 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். தை மாதம் ஒருநாள் கொல்லைப்புற வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் தடவியதோடு எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஐந்து வாரம் இருக்கும். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கும். அது தெரியாமல் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் தலைவலி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். "வயசாகுதுல்ல" என்றார் அம்மா, நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து கிளினிக்கில் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். அதில் ஒரு வாரம் போய்விட்டது. அப்புறம் ஒரு காலையில் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. 108-ஐ அழைத்தோம்.

"சமீபத்துல எங்கயாவது விழுந்தாரா, தலையில இடிச்சுக்கிட்டாரா?" டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அப்போதுதான் அந்த வாசல் நிலை எனக்கு ஞாபகம் வந்தது. சிடி ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தது. வலது பக்கம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு கருமை. புது ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகவும் பழைய ரத்தம் கருமையாகவும் தெரியுமாம். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். அதன் மேலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே அறுந்து கசியும். அப்பா சாப்பிட்ட மாத்திரை அந்தக் கசிவை நிற்க விடவில்லை. வலது பக்கம் அழுத்தியதால் இடது கை, கால் தளர்ந்திருக்கிறது.

இதய மருத்துவரிடம் கலந்து பேசி மாத்திரையை நிறுத்தினார்கள். அன்று இரவே மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். குழாய் வழியாக வந்தது பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் இருந்தது. மறுநாள் காலை, "கையைத் தூக்குங்க ஐயா" என்றதும் இடது கையைத் தூக்கினார். நான் வெளியே போய் அழுதுவிட்டேன்.

வீட்டில் பெரியவர்கள் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டால், தலையில் பட்ட சின்ன அடியையும் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு மாதமாவது நடையையும் பேச்சையும் கவனியுங்கள். திடீரென்று பேச்சு குழறினால் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

அப்பாவுக்கு ரத்தம் திரும்பவும் சேரலாம் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு ஸ்கேன் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதய மாத்திரையைத் தொடங்குவது பற்றி இரண்டு டாக்டர்களும் சொல்வார்கள்.