போத்தலில் போன தண்ணீர்

வன்னியின் அடியில் கிடக்கும் பாறையைப் பற்றி விஞ்ஞான உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு, இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வினால் கிடைத்தது. 1980களில் ஜேர்மனியப் புவியியலாளர்களும் இலங்கைப் புவியியலாளர்களும் ஒரு கூட்டமைப்பாக இயங்கி இந்தத் தீவின் அடிப்பாறையை ஆராய்ந்தார்கள். மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் அல்பிரட் குரோனரும், இலங்கையரான பி. ஜி. குரே, பி. டபிள்யூ. விதானகே ஆகியோரும் 1991இல் முன்வைத்த பிரிப்பையே நாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்தோம். அதில் ஒரு பிரிவு வன்னித் தொகுதி. நியோடிமியம் என்ற உலோகத்தின் சமதானிகளை, அதாவது ஒரே தனிமத்தின் திணிவு வேறான அணுக்களைக் கொண்டு கணித்தபோது, மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் 220 கோடி முதல் 300 கோடி ஆண்டு பழையது என்றும், வன்னித் தொகுதியினது 100 கோடி முதல் 200 கோடி ஆண்டுக்குள் அடங்கும் என்றும் தெரியவந்தது. அநுராதபுரமும் குருநாகலும்கூட அந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில், 1988–89இல், ஜப்பானியரும் இங்கே வந்து இலங்கைப் பாறைகளை அந்தாட்டிக்காவின் பாறைகளோடு ஒப்பிட்டார்கள். 1957ஆம் ஆண்டில் அங்கே ஷோவா நிலையத்தை நிறுவிய அவர்களுக்கு, பழைய கொண்டுவானாக் கண்டத்தில் அந்தாட்டிக்காவின் பக்கத்தில் கிடந்த இலங்கையைப் பார்க்காமல் விட முடியாது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. பாறைக்குக் கோடிக்கணக்கில் வயது சொல்லத் தெரிந்த இந்த நிலத்தில், தன் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்த வீடு எத்தனை? போர்க்காலத்தில் மின்கலமும் எரிபொருளும்கூட வன்னிக்குள் வரத் தடை இருந்தது. ஆய்வுக் கருவியைப் பற்றி யார் பேசுவது? 2009க்குப் பின் மீள்குடியேறியவர்களுக்காக அவசர அவசரமாகக் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. தண்ணீர் வந்தால் போதும் என்ற நேரம் அது. அந்தத் தண்ணீரை ஆறுதலாக இருந்து அளந்து பார்க்கும் வேலை எங்கள் தலைமுறையிடம் வந்து சேர்ந்தது.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்த வேலைத்திட்டம் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து நடத்துவது. வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் கிணறு கிணறாகப் போய் மாதிரி எடுப்பது என் பொறுப்பு. காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வன்னியும் அதே வரண்ட வலயம், அதே வன்பாறை. இங்கேயும் நோயாளர் இருக்கிறார்கள். அதனால் எங்கள் கிணறுகளை வெறும் ஆராய்ச்சிப் பொருளாகப் பார்க்க என்னால் முடிந்ததே இல்லை.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு வளவுக்குள் நாங்கள் நுழைந்தபோது, முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வரவில்லை. போத்தல்களைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: “பிள்ளை, முன்னமும் ஒரு கூட்டம் வந்து இப்படித்தான் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது. அந்தத் தண்ணீருக்கு என்ன நடந்தது?”

அந்தக் கூட்டம் யார் என்று விசாரித்தேன். அதுவும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கூட்டாய்வு. மாதிரி கடல் கடந்து போயிருக்கிறது, கட்டுரையும் வந்திருக்கக்கூடும். அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. அம்மாவின் கோபம் முழுக்க நியாயமானது. அவருடைய கணவருக்குச் சிறுநீரக சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கிணற்றைத் தொடர்ந்து குடிக்கலாமா விடலாமா என்பது அவருக்கு அன்றாடப் பிரச்சினை.

அன்று அவருக்கு முன்னாலேயே கடினத்தன்மையை அளந்து காட்டினேன். திண்ணையில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, கூம்புக் குடுவையில் கிணற்று நீரை அளந்து ஊற்றி, எரியோக்குரோம் பிளாக் என்ற நிறங்காட்டியைச் சிறிது சேர்த்தால் தண்ணீர் முந்திரிகை ரசத்தின் சிவப்புக்கு மாறும். பிறகு அளவியிலிருந்து, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாக விடவேண்டும். சிவப்பு முதலில் ஊதாவாகத் தயங்கும். கடைசித் துளி விழும்போது சட்டென்று தெளிந்த நீலமாகும். எவ்வளவு கரைசல் இறங்கியதோ அதை வைத்துக் கல்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று கணக்கிடலாம். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அந்தக் கிணறு அதைத் தாண்டியிருந்தது. “பருப்பு அவியாததும் கேத்திலில் வெள்ளை படிவதும் இதனால்தானா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்குப் பிறகுதான் தேநீர் வந்தது.

ஆனால் கடினத்தன்மை ஒரு பகுதி மட்டுமே. புளோரைட்டு கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாது. இங்கே பயோடைட்டு, ஹோர்ன்பிளென்ட், அப்பதைட்டு போன்ற கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்லக் கரைந்து வருகிறது. தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு ஏறும். கோடையில் ஆவியாகி நீர் குறையும்போது இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. இலங்கைத் தரநிர்ணயம் 1 மில்லிகிராம். வெயிலில் கமம் செய்கிறவர் குளிர்நாட்டவரைவிட எவ்வளவோ அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்பதை நினைத்தால், இறுக்கமான எல்லையே எனக்குச் சரியாகப் படுகிறது. கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, நீர் வற்றிச் செறிவு கூடும். கொதித்த நீர் எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்று நம்பும் வீடுகளில் இதை ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்களால் இங்கே அளக்க முடியாதவை ஜப்பானுக்குப் போகின்றன. உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளில் வடித்து நைத்திரிக் அமிலம் விடவேண்டும். இல்லாவிட்டால் உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சமதானிகளுக்கான மாதிரியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. குமிழி இருந்தால் அதற்குள் நீர் ஆவியாகும். இலேசான மூலக்கூறு முதலில் பறக்கும். மிஞ்சிய நீர் பொய் சொல்லும். போத்தலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அங்கேயே மூடியைத் திருகி, வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்போம். எங்கள் வாகனச் சாரதி அண்ணாவின் கை இதில் என் கையைவிடத் திருத்தமானது. அவருடைய பெயர் கட்டுரைகளின் நன்றியுரையில் வரவேண்டும் என்று நான் கேட்டேன், வந்தது.

சமதானி ஆய்வு எப்படித் தொடங்கியது என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் வயதான கமக்காரர் ஒருவர், தன் கிணற்று நீர் குளம் நிரம்பும் மாரியில் நன்றாகவும் குளம் வற்றும்போது சவராகவும் இருப்பதாகச் சொன்னார். பக்கத்துக் காணிக் கிணற்றில் அந்த மாற்றம் கிடையாதாம். “அந்தக் கிணறு குளத்தோடு சொந்தம் இல்லை, தம்பி” என்று எங்களோடு வந்த ஜப்பானிய முதுகலை மாணவருக்கு விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அந்த மாணவர் தன் பேராசிரியரிடம் கொண்டுபோன கேள்வி அதுதான். குளத்து நீர் வெயிலில் ஆவியாவதால் அதில் பாரமான சமதானிகளான ஒட்சிசன்–18உம் டியூற்றீரியமும் கூடியிருக்கும். நேரே மழையால் நிரம்பும் கிணற்றில் அப்படி இராது. ஆகவே எந்தக் கிணறு குளத்தால் வாழ்கிறது, எது மழையால் வாழ்கிறது என்று பிரித்தறியலாம். முடிவுகள் வந்தபோது அந்த இரண்டு கிணறுகளும் அவர் சொன்னபடியே பிரிந்து நின்றன. குளக்கட்டைத் திருத்துவதா புதிய குழாய்க்கிணறு இறக்குவதா என்று முடிவெடுக்கும் எந்த அலுவலகத்துக்கும் இந்தத் தகவல் பயன்படும். அந்தக் கேள்வி டோக்கியோவில் இருந்துகொண்டு யாருக்கும் தோன்றியிருக்காது. விடையை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கவில்லை. கூட்டாய்வு என்றால் எனக்கு இதுதான்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. ஜப்பானியர் வரமுடியவில்லை. அதுவரை அவர்கள் வரும் மாதங்களுக்கு ஏற்பவே களவேலை அமைந்திருந்தது. இனி நாங்களாகவே மாரியிலும் கோடையிலும் போகவேண்டியதாயிற்று. அவர்கள் நேரம் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடுவதால், காலையில் எடுத்த அளவீடுகளை மத்தியானத்துக்குள் அனுப்பினால் அன்றே பார்த்துப் பதில் எழுதுவார்கள். வியப்பு என்னவென்றால், இந்த ஏற்பாட்டில்தான் ஆண்டு முழுவதுக்குமான தொடர்ச்சியான தரவு முதன்முதலாகக் கிடைத்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி இதையும் உடைத்தது. எரிபொருள் வரிசை, பல மணிநேர மின்வெட்டு, டொலர் இல்லாததால் வராத இரசாயனங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு பாகையில் இருக்கவேண்டிய மாதிரிகளை ஐஸ்கட்டி வாங்கிப் போட்டுக் காப்பாற்றினோம். கியூ.ஆர். பங்கீட்டுப் பெற்றோல் கிடைக்கும்வரை, தூரக் கிணறுகளுக்குச் சைக்கிளில் போய்வந்த மாணவர்களும் இருந்தார்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒப்பந்தங்களில் அதிகம் பேசப்படுவதும் பிறகு அதிகம் மறக்கப்படுவதும் இவைதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு ஜப்பானிய உதவியில் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான கட்டடத்தொகுதி எழுந்திருக்கிறது. அதே வளாகத்துக்கு இந்தியாவும் உதவியிருக்கிறது. பேராதனையில் நீர்த் தொழில்நுட்பத்துக்கெனச் சீன–இலங்கைக் கூட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இவை வரவேண்டும், இன்னும் வரவேண்டும். ஆனால் நீரிலுள்ள உலோகங்களை அளக்கும் திணிவு நிறமாலைமானி ஒன்று ஓடவேண்டுமென்றால் மிகத் தூய ஆகன் வாயு வேண்டும், அது கொழும்பிலிருந்து சிலிண்டராக வரவேண்டும். தடைபடாத மின்சாரம் வேண்டும். நியமக் கரைசல்கள் காலாவதியாகும் முன் புதிதாக வாங்கவேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் இங்கேயே இருக்கவேண்டும். வேறொரு நிறுவனத்தில் ஒரு விலையுயர்ந்த கருவி, பழுதான ஒரு சிறு பம்புக்கு ஆள் இல்லாமல் துணி போர்த்திக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தபோது மலட்டுப் பசுவுக்குக் கொட்டில் கட்டியதுபோலத்தான் மனம் கனத்தது. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஐந்தாறு ஆண்டுப் பராமரிப்புக்கும் ஒரு தொழில்நுட்பவியலாளரின் பயிற்சிக்கும் முதலிலேயே கட்டிவைக்காத எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடக்கூடாது என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்ற குறையும் அடிக்கடி கேட்கிறது. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலில் போன எங்கள் மாணவர்களில் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். திரும்பி வந்தவருக்கு இங்கே ஒரு நிரந்தரப் பதவியைக்கூட ஒதுக்கிவைக்காத நாங்கள் எந்த வாயால் கேட்பது?

முடிவுகள் வீட்டுக்குப் போவதில் இப்போது ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள்: புளோரைட்டு, கடினத்தன்மை, நைத்திரேற்று, குடிக்கலாமா, சமைக்கலாமா, தோட்டத்துக்கு மட்டுமா. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூட்டிக்கொண்டு போகிறோம், ஏனென்றால் ‘இதைக் குடிக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு வேறு வழி சொல்லாமல் வருவது கொடுமை. மழைநீர்த் தாங்கி உள்ள வீட்டில் அந்த நீரைக் குடிப்பதற்கு ஒதுக்கச் சொல்கிறோம். இல்லாத வீட்டின் பெயரைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிறோம். கட்டுரையில் வரும் வரைபடத்தில் தனி வீட்டின் இடக்குறியீட்டைப் போடவேண்டாம் என்றும் நாங்கள் கேட்டோம். ‘கெட்ட கிணறு’ என்று ஒரு காணிக்குப் பெயர் வந்தால் அது விற்பனைவரை தொடரும். ஜப்பானியப் பேராசிரியர் முதலில் தயங்கினார்; துல்லியம் குறையுமே என்றார். நெடுங்கேணி அம்மாவின் வீட்டுக்கு அவரையும் கூட்டிப்போய், தாளை அவர் கையாலேயே கொடுக்கச் செய்தோம். அம்மா அதைக் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், பேராசிரியர் பதில் சொன்னார். வரைபடம் கிராம அளவில் வெளியாகும் என்று திரும்பி வரும்போது அவரே சொன்னார்.

இப்போது அடுத்த கட்டத்துக்கான உடன்படிக்கை எழுதப்படுகிறது. களத்தில் நிற்பவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்தவற்றில், முடிவுகள் கட்டுரைக்கு முன்பே கிணற்றுச் சொந்தக்காரருக்குப் போகவேண்டும் என்பதும், மூலத்தரவின் ஒரு பிரதி கிளிநொச்சியில் இருக்கவேண்டும் என்பதும் ஏற்கப்பட்டுவிட்டன. அனுப்பும் ஒவ்வொரு மாதிரிக்கும் இணையான ஒரு போத்தலை இங்கேயே குளிரில் சேமித்துவைக்கவேண்டும் என்பது மட்டும் நிலுவையில் நிற்கிறது; அந்தக் குளிர் அறையின் மின்கட்டணத்தை எந்தத் தரப்பு ஏற்பது என்று இரு பக்கமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. இங்கிருந்து போகும் கடிதங்களில் அந்தப் பத்தியை எடுத்துவிட நாங்கள் இடம் கொடுக்கவில்லை.