பங்குனிப் பூக்களும் வீட்டுத் தையலும்

புங்கமரங்கள் தரையெங்கும் பூ உதிர்த்து, வேம்பும் பூக்கத் தொடங்கும் இந்தப் பங்குனியில்தான் ஈஸ்டருக்கான ரவிக்கைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்கிறேன். சாலொமோன்கூடக் காட்டுப் புஷ்பங்களில் ஒன்றைப்போல் உடுத்தியிருந்ததில்லை என்று ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 6:28-29) நான் அழகுக்கு எதிரான கட்டளையாக வாசிப்பதில்லை. பூவை அவ்வளவு அழகாக உடுத்துவித்தவர் நிறங்களை வெறுப்பவராக இருக்க முடியாது. ஆகவே, அடக்கமான உடை என்றால் வெளிறிய உடை என்று தயவுசெய்து இளம்பெண்களிடம் சொல்லாதீர்கள்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிட்டால், பின்னர் சுருங்கிக் கைக்குழி இறுக்காது. கழுத்து இறக்கத்தைக் குறைத்து, பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், குழந்தையைத் தூக்கக் குனியும்போதும் ஆராதனையில் முழங்காற்படியிடும்போதும் உடையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆயத்த ரவிக்கைகளில் இந்த வசதி அரிது.

தென்திருவிதாங்கூர் (இன்றைய கன்னியாகுமரிப் பகுதி) கிறிஸ்தவப் பெண்களுக்கு இது ரசனை சார்ந்த விஷயம் மட்டுமன்று. மார்பை மறைக்கும் மேலாடையான தோள்சீலையை அணியும் உரிமைக்காக எங்கள் முன்னோர் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள்; 1859-இல் வந்த அரச அறிவிப்புகூட, உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நாடார் பெண்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. எனவே, உடுத்துகிற பெண் தன் மனதார ஏற்காத அடக்கத்தை அவள்மேல் சுமத்த எவருக்கும் உரிமையில்லை என்றே நம்புகிறேன்.

ரவிக்கை வெட்டிப் பழக விரும்பும் சகோதரிகள் சனிக்கிழமை மாலையில் ஓர் அளவு ரவிக்கையோடு வீட்டிற்கு வாருங்கள்; நூலும் ஊசியும் என்னிடம் இருக்கின்றன.