தங்கம் கிடைக்காத தங்க ஊர்: ஸ்காக்வே

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறவர்கள் பலரும் ஸ்காக்வேயில்தான் தங்கம் எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். 1896இல் தங்கம் கண்டெடுத்தது கனடாவின் க்ளோண்டைக்கில். இங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. ஸ்காக்வே வழியில் இருந்த ஊர். அந்த வழியையும் ஊர்களையும்தான் 1976 முதல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கப்பல் துறையிலிருந்து நடந்தே போய்விடலாம். நகைக்கடைகளில் நிற்காமல் நேராகப் பழைய ரயில் நிலையத்துக்குப் போங்கள். பூங்காவின் தகவல் மையம் அங்கேதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்கா ஊழியரான ரேஞ்சரோடு ஊரைச் சுற்றும் நடையும் இலவசம். ஆனால் அளவாகத்தான் ஆள் சேர்க்கிறார்கள், முந்திக்கொள்ள வேண்டும். சோப்பி ஸ்மித் என்ற மோசடிக்காரன் 1898இல் சுடப்பட்டுச் செத்த கதையை ஊரே விற்கிறது. எனக்கு அதில் பெரிதாக மனம் ஒட்டவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது சாமான் கணக்கு. தங்கம் தேடிப் போனவர்களில் ஓராண்டுக்கான உணவு இல்லாதவர்களைக் கனடாப் போலீஸ் எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. கருவிகளும் கூடாரமும் சேர்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன். ஒரு மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பி வர வேண்டும். மலையேறி எல்லையைத் தாண்டும் 53 கிலோமீட்டர் சில்கூட் பாதையை இப்படி நடை நடையாக அடித்துக் கடக்க மூன்று மாதம்வரை ஆகியிருக்கிறது. காசு இருந்தவர்கள் சுமை தூக்க இந்தப் பகுதிப் பழங்குடிகளான டிலிங்கிட் மக்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்கள் தலைமுறைகளாக வணிகத்துக்குப் போய்வந்த பாதைதான் அது.

அந்தப் பாதை தொடங்கும் டையி, ஸ்காக்வேயிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பெரும்பாலோர் போவதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான இடம். டாக்சி பிடித்தோம். வளைந்து வளைந்து போகும் சாலை, பாதிக்கு மேல் ஜல்லி. திரும்பக் கூட்டிப்போகும் நேரத்தை ஓட்டுநரிடம் அப்போதே பேசிவிடுங்கள், அங்கே எங்களுக்கு செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை.

ஆயிரக்கணக்கானோர் இருந்த ஊரில் இப்போது காடுதான். ஸ்காக்வேயிலிருந்து ஒயிட் பாஸ் என்ற கணவாய் வழியாக ரயில் பாதை போட்டார்கள். 1900இல் அது முடிந்தபோது டையியும் முடிந்திருந்தது. ஒரு நிலத் தரகர் அலுவலகத்தின் மரமுகப்பை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கல்லறைத் தோட்டம். பலகைக்குப் பலகை ஒரே தேதி: 1898 ஏப்ரல் 3. குருத்து ஞாயிறு அன்று பாதையில் சரிந்த பனியில் புதைந்தவர்கள். பெயர்களைப் படிக்க ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டேன்.

சில்கூட் பாதையில் இரவு தங்கி நடக்க முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். எங்களைப் போல ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்ப அது தேவையில்லை. எடுத்த எடுப்பிலேயே செங்குத்து. தண்ணீர் பாட்டிலோடு ஏறியதற்கே மூச்சு வாங்கியது. கரடி நடமாட்டம் உண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.