கன்னடியன் கால்வாய்க் கரையில் நத்தைகளோடு இரண்டு நாள்

நத்தையைப் படமெடுக்க ஆசையென்றால் ஐப்பசியில் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும். கோடையில் போனால் ஒன்றும் கண்ணில் படாது. ஓட்டின் வாயைத் தன் கோழையாலேயே அடைத்து, அது காய்ந்து தாள் போல ஆனதும் உள்ளே சுருண்டு தூங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், கல்லிடுக்கு, வேலி, மதில் என்று எங்கிருந்தோ எல்லாம் ஊர்ந்து வரும்.

அப்படி ஒரு மழை நாளில்தான் செங்கோட்டை ரயிலில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன். அத்தை வீடு அங்கேதான். மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுவதுதான் முதலில் போட்ட திட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இன்ட்ரெல்லா ஆம்புல்லா என்ற நத்தையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. சிவப்பும் ஆரஞ்சுமாக உடம்பு, அந்த உடம்பு முழுதாக உள்ளே போக முடியாத அளவுக்குச் சின்னதாக ஒரு மெல்லிய ஓடு. ஆனால் மழை வலுத்ததால் மலைப்பாதையில் யாரையும் விடவில்லை. சரி, ஆற்றங்கரைக்காவது போகலாம் என்று மறுநாள் விடியும்போதே கிளம்பினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் அத்தை மகனும் குடையோடு கூடவே வந்தான்.

தாமிரபரணியில் இருக்கும் பழைய அணைக்கட்டுகளில் கன்னடியனும் ஒன்று. அங்கே பிரியும் கால்வாய் கல்லிடைக்குறிச்சியைத் தொட்டு வயல்களுக்கு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு பர்லாங்கு தூரத்தைக் கடக்க எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. தும்பை, நாயுருவி, குப்பைமேனி, மூக்குத்திப்பூ என்று காலடியில் கிடக்கிற எதையும் விட்டுவிட்டு நகர முடியவில்லை. தும்பைப்பூ வெறும் வெள்ளை என்றுதான் நாம் நினைக்கிறோம். சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ லென்ஸை அருகில் கொண்டுபோனால் மேலுதட்டின் விளிம்பு முழுக்கப் பஞ்சு போல மயிர். நாயுருவியின் காய்கள் தண்டோடு ஒட்டிக் கீழே பார்த்துத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி. வேட்டியில் ஏன் அப்படி அப்பிக்கொள்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். உருவம் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் அதே அளவில் விழும்படி நெருங்கிப் போனால், லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நத்தையின் இரண்டு கண்களும் வர வேண்டும். கண்கள் மேல் கொம்புகளின் நுனியில் கரும்புள்ளியாக இருக்கும். கீழே இருக்கிற குட்டைக் கொம்புகள் மோப்பத்துக்கு. ஆகவே நத்தைக்கு நேர் எதிரே, அதன் மட்டத்துக்கே இறங்கிச் சேற்றில் படுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து, உடம்பையே அணு அணுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒரு கொம்பு நீண்டு இன்னொன்று சுருங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

வெளிச்சம் அடுத்த பாடு. நனைந்த ஓட்டில் ஃபிளாஷ் நேராக அடித்தால் வெள்ளைத் திட்டு விழுந்து ஓட்டின் வரிகள் எல்லாம் அழிந்துபோகும். டிரேசிங் பேப்பரை இரண்டாக மடித்து ஃபிளாஷுக்கு முன்னால் வளைத்துக் கட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை என்பது என் அனுபவம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். சில வருஷம் முன்பு, நல்ல படம் வேண்டும் என்பதற்காக மதிலில் இருந்த ஒரு நத்தையைப் பிய்த்துச் செம்பருத்திப் பூமேல் வைத்தேன். உள்ளே சுருண்டது, அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. வந்ததும் எடுத்த படத்தைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செம்பருத்திக்கு அது தானாக ஏறவில்லை, நான் ஏற்றினேன். அதற்குப் பிறகு நத்தையைத் தொடுவதில்லை, பூவைக் கிள்ளுவதில்லை, மறைக்கும் புல்லைக் கூட அறுக்காமல் விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வேன். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடவே கூடாது என்பது தனிக் கதை. எலியின் நுரையீரலில் வளரும் ஒரு புழு அதன் வழியாக மனிதருக்கும் வரும். 1847-இல் கல்கத்தாவில் ஒருவர் கொண்டுவந்து விட்ட அந்த நத்தை இன்று அத்தையின் கீரைப்பாத்தி வரைக்கும் வந்துவிட்டது. அத்தை உப்பைத் தூவுவாள். உடம்பின் நீரையெல்லாம் உப்பு உறிஞ்சி நத்தை நுரைத்துச் சாவதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கீரை போகிற கோபம் நியாயம்தான், ஆனால் அந்தச் சாவைத் தாங்க முடியவில்லை. அதோடு, உப்புக்கு ஊர் நத்தை, வெளியூர் நத்தை என்ற பேதமும் தெரியாது.

ஏழு மணி வாக்கில் ஆட்டுக்குப் புல்லறுக்க வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னய்யா, என்னத்தத் தொலச்சிட்டுத் தேடுதிய?"

"நத்தையைப் படம் எடுக்கோம் பாட்டி" என்றான் அத்தை மகன்.

அவர் சிரிக்கவில்லை. அரிவாள் நுனியால் வரப்பு ஓரத்தைக் காட்டினார். "அப்பொ இதையும் எடுத்துக்கிடுங்க. இது நத்தச்சூரில்லா."

நத்தைச்சூரி, தரையோடு படர்ந்த சொரசொரப்பான செடி. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இலைக்கணுவில் எள்ளளவு பூ, நான்கே இதழ். பேரைப் படித்திருக்கிறேனே தவிர, செடியை யாரும் காட்டித் தந்ததில்லை. ஏன் அந்தப் பேர் என்று கேட்டேன். "எங்க ஆத்தா சொல்லித் தந்த பேருய்யா" என்றார். அந்தச் செடியில் நத்தை ஏதாவது ஏறுமா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஏறவில்லை. எடுத்து வைக்க எனக்கு மனமும் இல்லை.

வயலுக்குள் நத்தை குத்தி நாரைகள் இரண்டு இறங்கியிருந்தன. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் பறவை அது. வயல் நத்தை அதற்கு முக்கியமான இரை.

அன்றைய நல்ல படம் கடைசியில் படித்துறை மண்டபத்துச் சுவரில் கிடைத்தது. காரை உதிர்ந்த பழைய சுண்ணாம்புச் சுவர். பாசி படிந்த இடத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய தடங்களை அத்தை மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். "அத்தான், யாரோ சீப்பால சீவுன மாதிரி இருக்கு." நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாக உண்டு, பாசியை அரம்போல ராவித் தின்ற தடம் அது. ஓடு வளர்வதற்கு நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்காகச் சுவரையும் சுரண்டும். தடத்தின் முடிவில் பழுப்பு ஓட்டுக்காரர் ஒருவர் நின்று மேய்ந்துகொண்டிருந்தார். மொத்தம் நாற்பது படம் எடுத்தேன். இரண்டு கண்ணும் தெளிவாக விழுந்தவை மூன்று.

புல்லுக்கட்டோடு திரும்பி வந்த பாட்டி கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டினேன்.

"இதுக்குக் கண்ணு கொம்புமேலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கட்டைத் தரையில் இறக்கி வைத்தார். "அந்தச் சூரிப் பூவையும் காட்டுய்யா. அது எப்படி இருக்குன்னு பாப்போம்."